பதினேழாம் வீட்டுப் பெட்டி

மார்ச் 18, புதன்
பத்து மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கிறது. மூன்று தடவை கரண்ட் போனது.

குலசாமி கோவிலுக்கு இணையப் பக்கம். வரி கொடுக்கும் வீடுகள் 32. எக்ஸ்.எச்.டி.எம்.எல். என்ற கண்டிப்பான குறிமொழியில் வீட்டுக்கு ஒரு பெட்டி: திறக்கும் டேக் (குறி), பேர்கள், மூடும் டேக். 17-இல் மட்டும் பேர் இல்லை. வம்சமே அற்றுப்போன வீடு.

கோவில் வரி வசூலிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி போனில் சொன்னார்: “அதுக்காவ இடத்த எடுத்துராத தாயி. வேற யார் பேரும் போட்டுராத. அவிய இடம், அங்கன சும்மா கிடக்கட்டும்.”

பந்தியிலும் அந்த வீட்டுக்கு ஓர் இலை போடுவார்கள். யாரும் உட்கார மாட்டார்கள்.

காலிப் பெட்டிதானே. மூடும் டேக் தனியாகப் போடவில்லை, திறக்கும் டேக்கின் கடைசியிலேயே சாய்கோடு; அதுவே மூடியதாகக் கணக்கு. சுற்றிலும் கறுப்புக் கட்டம். சோதித்தேன், பிழை இல்லை. ஏற்றியாகிவிட்டது.

வாங்க: நல்லெண்ணெய், கவிக்கு ரப்பர்.

மார்ச் 19, வியாழன்
காலையிலேயே 18-ஆம் வீட்டு அத்தை போன். “ஏட்டி, எங்கள ஏன் அந்த வீட்டுக்குள்ள வச்சிருக்க?”

பார்த்தேன். 17-இன் கட்டம் பக்கத்தின் அடிவரை இறங்கியிருக்கிறது. 18-இலிருந்து பதினைந்து வீடும் உள்ளே. 20 எங்கள் வீடு. அவர், நான், மகள் கவி.

தப்பு என்னுடையதுதான். பிரவுசர் சாதா எச்.டி.எம்.எல்.லாகப் படிக்கிறது. அதில் பெட்டிக்குச் சாய்கோடு செல்லாது, திறந்தே கிடக்கும். எட்டு வருஷமாகச் செய்யும் வேலை, வெட்கக்கேடு.

திருத்த ஐந்து நிமிஷம். ஆனால் பக்கத்தைத் திருத்தும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எங்கள் கம்பெனி மேனேஜர் தூத்துக்குடி போயிருக்கிறார். போனை எடுக்கவில்லை, சனிக்கிழமைதான் வருவார்.

மார்ச் 20, வெள்ளி
18-ஆம் வீட்டு மாமா காலமானார். உட்கார்ந்து காபி குடித்தவர் அப்படியே. வயது எழுபத்தெட்டு. வயதுதான் காரணம். துக்க வீட்டில் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் 19-ஆம் வீட்டு ஆடுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. மேய்க்கப்போன செல்லையா அண்ணாச்சி வரவில்லை. கரிசல் காடெல்லாம் தேடுகிறார்கள்.

அடுத்தது 20. பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

மார்ச் 21, சனி
கவிக்கு லீவு. கதவைத் தாழ்போட்டு, என் காலடியில் உட்கார்ந்து படம் வரையச் சொன்னேன்.

11.20. மேனேஜர் பாஸ்வேர்டு சொன்னார். 17-க்குத் தனியாக மூடும் டேக். ஏற்றினேன். எல்லா வீடும் வெளியே, அதனதன் பெட்டியில். அப்பாடா.

11.30. இல்லை. 17-இல் ஒரு பேர் தெரிகிறது. கவிதா. கோப்பில் அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. நானேதான் மூடினேன்.

குனிந்து பார்த்தால் கலர் பென்சில்கள் மட்டும். போட்ட தாழ்ப்பாள் போட்டபடி. கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டிலடி, அடுப்படி, எங்கும் இல்லை.

11.50. மூடும் டேக்கை எடுத்துவிட்டேன். பழைய சாய்கோட்டையே போட்டேன். பதினைந்து வீடும் மறுபடி உள்ளே போயின. ஒவ்வொரு பேரையும் படித்தேன். எல்லாரையும் எனக்குத் தெரியும்.

பின்னாலிருந்து, “எம்மா, பசிக்குது.”

தோசை ஊற்றிக் கொடுத்தேன். இனி யாரும் மூட முடியாதபடி பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.