நீயே நெய்துகொண்ட கோடி

என் கண்ணே பாப்பாத்தி,

செத்துப்போனவளைத் திட்டக் கூடாது என்பார்கள். நீ செய்த காரியத்துக்குத் திட்டாமல் வேறென்ன செய்ய?

போன வாரம் உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஜப்பானின் ஒகினாவாத் தீவிலிருந்து கொல்லிமலைக்கு, ஒரு துணிப்பொட்டலத்தோடு. மலைப் பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து வெளுத்துப்போய் வந்தவர், வாசலில் நின்றே "ஏனுங்க அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார். நீ கற்றுக்கொடுத்த தமிழ், அப்படியே உன் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால், அகலக் கை வைத்த ஓர் அங்கி. பழுப்பு நிறம். வாழைக்கறை பட்ட பழந்துணி என்றே நினைத்தேன். பாவாடையில் அந்தக் கறை பட்டதற்கு அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறோம்! இல்லையாம், துணியே வாழைநாராம். அந்தத் தீவில் முன்காலத்தில் ராஜாவிலிருந்து காட்டுவேலை செய்கிறவர் வரை இதைத்தான் உடுத்தினார்களாம். பட்டையைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, நாரைக் கிழித்து, முடிச்சுப் போட்டு நூலாக்கி, அங்கங்கே இறுக்கிக் கட்டி நீலச் சாயத்தில் முக்குவார்களாம். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. நெய்யும்போது, சாயம் ஏறிய இடமே பழுப்புத் துணியில் நீலக் குருவி உருவமாகிவிடுகிறது. அங்கே நர்ஸ் வேலைக்குப் போன நீ, மாமியாரிடம் இதைக் கற்றுக்கொண்டாயாம். இங்கே ஒரு முழம் பூக் கட்டச் சொன்னால் நாரை அறுத்துப்போட்டு ஓடுகிறவள் நீ!

அதுவரை கோபமும் அழுகையுமாகத்தான் இருந்தேன். அப்புறம் அவர் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நோவுன்னு தெரிஞ்சப்புறம் இது மாதிரி ரெண்டு நெய்ஞ்சாங்க அக்கா. ஒண்ணு அவங்க போறப்ப போட்டோம். எங்கூட்டுலயும் வாழமரந்தானே, இதுதான் என் பொறந்த ஊட்டுக் கோடின்னு சொன்னாங்க."

"எரிச்சப்புறம் எனக்குப் போன் பண்ணுனீங்களே, முன்னாடியே ஏனுங்க சொல்லல?"

"வேண்டான்னாங்க. யாரும் வர மாட்டாங்கன்னாங்க."

யார் வரமாட்டார்கள்? யாரைக் கேட்டு முடிவு செய்தாய்? கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டுக் கோடித்துணி வந்து மேலே விழுந்த பிறகுதான் எடுப்பார்கள். அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. உனக்குக் கோடி போட இருந்தவள் நான் ஒருத்தி. பாஸ்போர்ட் இல்லாதவள், பஸ் ஏறினாலே தலை சுற்றுகிறவள், வந்திருக்க முடியாதுதான். வர முடியாது என்பதை நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொன்றையும் கேள். நீ அவரைக் கட்டிக்கொண்டதற்குத் நாம் பிறந்த திண்ணனூர் நாட்டுப் பங்காளிகள் என்னோடும் பேச்சை விட்டுவிட்டார்கள். இதே மலையில் குண்டனி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு நாளைக்கு யார் கோடி கொண்டுவருவார்கள்? ஒரு நாளாவது அதை நினைத்தாயா?

ஆத்திரத்தில் இதை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் அந்த அங்கியை என் பக்கம் நகர்த்தினார்.

"அதுக்குத்தாங்க இது. அக்காவுக்கு யாரும் இல்லைன்னு அழுதுட்டே நெய்ஞ்சாங்க."

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி அனுப்புகிறவள் எந்த ஊரிலாவது உண்டா? ஒரு சேலை அனுப்பியிருந்தால் பொங்கல் நோம்பிக்காவது கட்டியிருப்பேன்.

அங்கியை வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான் போகிற அன்றைக்கு இதைத்தான் என்மேல் போட வேண்டும், பிறந்த வீட்டுக் கோடி வந்துவிட்டது என்று பங்காளிகள் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் முகத்தைச் சுளித்தான்.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. நீ நெய்ததையே போர்த்திக்கொண்டு உன் முன்னால் வந்து நின்று, மிச்சமிருக்கிற சண்டை அத்தனையும் போடுவேன். இது சத்தியம்.

உனக்குக் கோடி போடாத
உன் அக்கா