ஒரே ஒரு முறை படிக்கக்கூடிய சிப்

என் ஆசை நைனாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு அயனம்பாக்கம் வீட்டில் உன் சின்ன அறையை அம்மா பூட்டவும் விடவில்லை, பெருக்கவும் விடவில்லை. சாயங்காலமானால் உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். நடுநடுவே நிறுத்தித் தலையாட்டுவாள். அவளுக்குப் பதில் கேட்கிறதா?

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, தகவலைக் காந்தக் குமிழிகளாகச் சேமிக்கும் அந்தப் பழைய மெமரி சிப்பில் நீ எதையோ எழுதினாய். "எழுதிட்டு என்னைப் பாத்து சிரிச்சாருடி. எனக்குத்தான் இன்னாவோ சொல்லிகீறாரு. எடுத்துக் குடு," என்று அம்மா தினமும் நச்சரித்தாள்.

எடுப்பதில்தான் சிக்கல். நீ வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கழித்துப் போட்ட சிப் அது. குமிழி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். படிக்கும்போது குமிழி இரண்டாக வெட்டுப்பட வேண்டும். ஒன்று படிக்கப் போகும், மற்றது அங்கேயே தங்கும். இதில் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்தீர்கள். ஆவி நேராகத்தான் வந்து விழும். அடியில் ஓடும் கம்பியின் மேட்டில் ஏறும் இடத்தில் பூச்சு மெலிந்து, காந்தப் பிடி குறைந்துபோனது. குமிழி வெட்டுப்படாமல் முழுசாக வெளியே போய்விடும். அடுத்த முறை உலோகத்தைத் துகள் துகளாகத் தெறிக்கவிட்டு எல்லாப் பக்கமும் மூடினீர்கள், அந்தச் சிப்கள் நன்றாக ஓடின. "இத்த ஒருதபா தான் படிக்கலாம், அப்பால காலி" என்பாயே, பிறகு ஏன் இதைப் போய் வீட்டுக்குக் கொண்டுவந்தாய்?

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "பரவால்ல, படி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சிப்பை, சுருள் சுற்றிய உன் படிக்கும் பெட்டியில் வைத்து லேப்டாப்பில் இணைத்தேன். அம்மா குளித்து, புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். கடைசிவரை அதேதான். சிப்பைச் சோதிக்க நீ வழக்கமாக எழுதும் வரிசை.

"இன்னாடி சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. சிப் நல்லா கீதான்னு பாத்துகீறாரு."

"தப்பு இல்லாம வந்துச்சா?"

"ஒண்ணுகூடத் தப்பல."

"அதான் சிரிச்சாரு."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிப் இருந்த பெட்டிமேல் கை வைத்தாள். "சூடா கீதுடி," என்றாள். கரண்ட் ஓடினால் சுருள் சூடாகும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு கேட்டாள்: "அதையே திருப்பி உள்ள எழுதிடேன்."

ஒரு நிமிஷ வேலைதான். நீ எழுதியதற்கும் நான் எழுதப்போவதற்கும் எந்த இயந்திரத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது நைனா. அம்மா அதனோடு பேசுவாள். பதில் வந்தால், அது யாருடைய குரல்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.

இதை உனக்கு எழுதும்போதே முடிவு செய்துவிட்டேன், இனித் தள்ளமாட்டேன். நான் எழுதியதை நீ என்று சொல்லி அவளிடம் கொடுக்கமாட்டேன். காலியாக இருக்கும் சிப்பைக் காலி என்றே இன்று சொல்லிவிடுவேன். அவள் அழுது முடிக்கிறவரை கூடவே உட்கார்ந்திருப்பேன். எனக்கும் அழ வேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்
உன் மூத்த மகள்