இரண்டாவது தடவை எடுத்த அளவு

மார்ச் 3

அன்புள்ள ஆறாம் கட்டில் அக்காவுக்கு,

மாத்திரை உறையின் பின்னால் நீங்கள் எழுதிக் கொடுத்த விலாசத்துக்கு எழுதுகிறேன். நான் வீட்டுக்குக் கிளம்பிய மறுநாள் உங்களுக்கு ஆபரேஷன் என்றார்கள். என்ன ஆயிற்றோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கரைக்க எனக்கு முழு வயிறுகூட இல்லை!

ஏழு மணி நேரம். கணையத்தில் கட்டி இருந்த தலைப்பக்கம், பித்தப்பை, குடலில் ஒரு துண்டு, இரைப்பையில் ஒரு துண்டு எல்லாம் போயிற்று. மிச்சத்தைக் கோத்துவிட்டு, "நீங்க தையல்காரம்மாதானே, மூணு இடத்துல இணைச்சிருக்கேன், பிரியாது" என்கிறார் சர்ஜன். யாரிடம் வந்து தையலைப் பற்றிப் பேசுகிறார், பாருங்கள்.

"பரவியிருந்தா எதையும் எடுக்க மாட்டேன், ஒரு மணி நேரத்துல மூடிடுவேன்" என்று நம் இருவர் கட்டிலுக்கும் நடுவில் நின்று சொன்னாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று?

மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். "சாப்டியாம்மா?" "சாப்டேன்பா." அவ்வளவுதான். உங்கள் போன் நம்பர் கொடுங்கள், பேசிக்கொண்டாவது இருக்கலாம்.

உங்கள் ஐந்தாம் கட்டில்

மார்ச் 14

அன்புள்ள தையல்காரிக்கு,

எனக்கும் ஏழு மணி நேரம்தான். உன்னைவிடப் பத்து நிமிஷம் அதிகம் என்று வைத்துக்கொள், பெரியவள் அல்லவா. சர்ஜனுக்கு என்னிடம் சொல்ல ஜோக் எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

போன் வேண்டாமடி. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் மாட்டியதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவள். ரிசீவரைக் கண்டாலே எரிச்சல். கடிதமே போடு. தபால்காரர் வந்தால் எனக்கும் கதவைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கும்.

ஆறாம் கட்டில்

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

படித்துவிட்டு ஓவென்று அழுதேன். நீங்களும் தப்பித்தீர்கள்.

மீதி ஏதும் ஒளிந்திருந்தால் அதற்கும் சேர்த்து ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்களே, முதல் தடவை முடிந்தது. முடியவில்லை அக்கா. ஓயாத வாந்தி. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இரும்பு மாதிரி இருக்கிறது. யாருக்காக இந்தப் பாடு? இதோடு நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

நேற்று மெஷின் மேல் இருந்த துணியை எடுத்தேன். தழும்பில் படாமல் லூசாக ஒரு கவுன் உங்களுக்குத் தைத்துத் தருகிறேன். மார்பு, இடுப்பு, மேல்கை, மூன்று அளவும் அனுப்புங்கள். டாக்டரிடம் பொய் சொன்னாலும் தையல்காரியிடம் அளவில் பொய் சொல்லக் கூடாது. இழுத்துப் பிடித்து அளந்து அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் ஐந்தாம் கட்டில்

ஏப்ரல் 12

தையல்காரிக்கு,

நிறுத்துவாளாம், நிறுத்து! நேரில் இருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். எனக்கும் ஒன்று ஏற்றியாயிற்று. நானும் வாந்தி எடுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கிழவி நானே போகிறேன், உனக்கு என்ன கேடு? போட்டி வைத்துக்கொள்வோம். ஆறையும் யார் முடிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மார்பு 34. இடுப்பு 30. மேல்கை 10.

ஆறாம் கட்டில்

மே 14

அன்புள்ள அக்கா,

மூன்று முடித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஊசி குத்தும்போது, இதே நேரம் நீங்களும் எங்கோ ஒரு நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு அங்கிருக்கும் நர்ஸைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதில்தான் ஓடுகிறது. உங்களுக்கு எத்தனை ஆயிற்று?

கவுன் வந்திருக்கும். சரியாக இருக்கிறதா? இன்னொன்று வெட்டப்போகிறேன். உடம்பு மாறியிருக்கும், அளவு மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் ஐந்தாம் கட்டில்

ஜூன் 3

தையல்காரிக்கு,

நான் நாலு. நீ பின்தங்கிவிட்டாய்.

கவுன் அழகாக இருக்கிறது. இப்போது வயிற்றில் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தொப்பை போட்டுவிட்டேன். நீ சொன்னபடி உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

மார்பு 32. இடுப்பு 37. மேல்கை 8.

ஆறாம் கட்டில்

ஜூன் 9

அக்கா,

உங்கள் அளவைச் சுண்ணக்கட்டியால் துணியில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு வைக்கிறவளுக்குக் கை இரண்டு அங்குலம் இளைக்குமா? இப்படி ஓர் உடம்புக்கு நான் இதுவரை தைத்ததில்லை. அது தொப்பை இல்லை, தண்ணீர். போன வாரம் எனக்கு மருந்து ஏற்றும் அறையில் அதே மாதிரி வயிற்றோடு ஒரு அம்மாவைப் பார்த்தேன். அவருக்கு ஆபரேஷன் செய்ய முடியவில்லையாம்.

உங்களை எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எத்தனை மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள்? உண்மையைச் சொல்லுங்கள். என்னோடு போட்டி போட்டது யார்? பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கிறதென்று நம்பி நாலு தடவை போய் உட்கார்ந்தேனே. கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன்.

உங்கள் ஐந்தாம் கட்டில்

ஜூன் 12

அடி தையல்காரி,

ஐம்பது நிமிஷம்.

கண் விழித்ததும் சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈரலுக்குப் பரவியிருந்ததாம். திறந்தார், பார்த்தார், மூடினார். நீ வீட்டுக்குப் போயிருந்தாய். பக்கத்துக் கட்டிலுக்குப் புதிய விரிப்பு போட்டிருந்தார்கள்.

நீ பாதியில் விட்டுவிடுவாய் என்றுதான் பொய் சொன்னேன். அது மட்டும் என்றால் அதுவும் பொய். உனக்கு எழுதும்போது மட்டும் எனக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. மருந்து, வாந்தி, எல்லாம் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். போனில் பேசியிருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். கடைசியில் இடுப்பு காட்டிக்கொடுத்துவிட்டது. அளவில் பொய் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. யாராவது ஒருத்தருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று தோன்றியதோ என்னவோ.

கோபப்பட்டுக்கொள். ஆனால் மீதி இரண்டையும் முடி. பக்கத்து நாற்காலி காலி என்று தெரிந்த பிறகும் போ.

வெள்ளிக்கிழமை வா. கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வைக்கிறேன், எழுந்து வரச் சிரமம். அந்தக் கவுனைத்தான் போட்டிருப்பேன், பக்கத் தையலைப் பிரித்துவிட்டிருக்கிறேன், திட்டாதே.

டேப்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

ஆறாம் கட்டில்