இடதுபக்கக் கண்ணாடி பற்றி அண்ணனுக்கு

அன்பு அண்ணனுக்கு,

உன் கார் நன்றாக இருக்கிறது. அதை ஓட்டுகிறவனைப் பற்றித்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மதினி தினமும் விளக்கேற்றும்போது உன் படத்தோடு பேசுகிறார். அவர் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் காரியங்கள் முடிந்ததும் மதினி சாவியை என்னிடம் கொடுத்தார். "ஓடாமப் போட்டா அவுகளுக்குப் பிடிக்காது தம்பி. நீங்க ஆபீசுக்குக் கொண்டு போங்க. வழியில ஆரும் கை காட்டுனா மட்டும் நிறுத்திருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்று நீ சொல்லவே இல்லையே? தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு சைக்கிளில் போகிறவன்கூட என்னைவிடச் சீக்கிரம் போய்விடுவான். உன் வெள்ளைக் காரைக் கண்டால் ஊரே கை தூக்குகிறது. இடதுபக்கக் கண்ணாடியை இறக்கினால் ஒருவர் ஏறுகிறார். இன்னொருவர் ஏறாமலே மகளின் சம்பந்தம், பட்டா மாறுதல், மூட்டுவலி எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார். கொஞ்ச நாளில் ஆபீசில் எனக்குக் கெட்ட பெயர். ஊரின் மூட்டுகளைப் பற்றி மட்டும் நல்ல ஞானம்.

அப்போதுதான் அந்தக் கண்ணாடி மக்கர் செய்தது. முதலில் முனகிக்கொண்டு இறங்கியது. பிறகு பாதியில் நின்றது. ஒருநாள், மேலே முழுதாக ஏறியதும் இறங்காமல் அப்படியே இருந்துவிட்டது. நான் படித்தவன் அல்லவா, ஆராய்ந்தேன். ஃபியூஸ் போகவில்லை. என் பக்கத்து சுவிட்சுக்கும் அசையவில்லை, அந்தக் கதவின் சுவிட்சுக்கும் அசையவில்லை. சுவிட்சை அழுத்திக்கொண்டு கதவில் ஓங்கித் தட்டினால் மட்டும் ஒரு விரல் அளவு நகர்ந்தது. மோட்டார்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு, தட்டியே அதை மேலே ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஏன் என்று கேட்கிறாயா? யாராவது கை காட்டினால் கண்ணாடியைச் சுட்டிக் காட்டி, கையை விரித்து உதட்டைப் பிதுக்கினேன். அவர்களும் பாவம் என்று தலையாட்டி வழிவிட்டார்கள். நேரத்துக்கு ஆபீசுக்குப் போனேன். கார் வைத்திருப்பவர்களின் தலைக்கனத்தைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரைகூட எழுதினேன். நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

மதினிக்கு விஷயம் எட்டிவிட்டது. "அவுக கார்ல கண்ணாடி எறங்கலன்னா நாலு பேரு என்ன நெனப்பாவ?" என்று என்னோடு பட்டறைக்கே வந்துவிட்டார். மெக்கானிக் இசக்கி கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டாருக்கு வரும் வயரில் பல்பை வைத்துப் பார்த்தான். பல்பு எரிந்தது; கரண்ட் வருகிறது. மற்ற மூன்று கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கிக் காது கொடுத்துக் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்த மூணும் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. இவ மட்டும் நாலு பிள்ள பெத்தவ மாதிரி தேஞ்சு கெடக்கா. ஆரு இந்தப் பக்கத்த இப்படிப் போட்டு எறக்குனது? நீங்களா?"

"நான் இல்லப்பா" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது. மதினி சிரித்தார்; நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. புது மோட்டாரைப் பொருத்தியதும் அவரே ஏறி உட்கார்ந்து சுவிட்சை அழுத்தினார். கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. தலையை வெளியே நீட்டி, "என்ன இசக்கி, வீட்டுல சொகமா?" என்றார். அது அப்படியே உன் குரல்.

மறுநாளிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணாடியைச் சுட்டினேன், கையை விரித்தேன். மோட்டார்தான் சரியாகியிருந்தது, அண்ணே.

போன வாரம் நல்ல சாரல். சாயங்காலம் திரும்பி வரும்போது நன்னகரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு குடை கை காட்டியது. என் கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்தது. குடை விலகியதும் உள்ளே மதினி முகம். அவர் என் விரித்த கையைப் பார்த்தார். தூக்கிய தன் கையை மெதுவாக இறக்கிக்கொண்டு, ஊர்க்காரர்கள் செய்வதுபோலவே தலையாட்டினார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் கண்ணாடியை இறக்க வேண்டுமே. போய்விட்டேன்.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். காப்பியை வைத்துவிட்டு அவரே சொன்னார்: "நேத்து என்ன மழ தம்பி! கண்ணாடிய எறக்கியிருந்தா சீட்டெல்லாம் நனஞ்சிருக்கும். எறக்காததுதான் சரி."

"ஆமா மதினி" என்றேன். காப்பியையும் குடித்தேன். இப்படிப்பட்டவன் உனக்குத் தம்பியா என்று நீ கேட்கலாம்.

இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுகிறேன். யாரும் கை காட்டுவதில்லை. ஊர் என்னிடம் பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. நேற்று அரிசிப் பையோடு நின்ற ஒரு அண்ணாச்சியிடம் நானே நிறுத்தி, "ஏறுதீயளா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். "ஏலே, கண்ணாடி எறங்குதே! உனக்குக் கழுத்துதான் திரும்பாம ரிப்பேர்னுல்லா நெனச்சேன். நீ போ, பஸ் வருது" என்றார். பஸ் எதுவும் வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதினியிடம் போகிறேன். "உங்கள் முகத்தைப் பார்த்த பிறகும் நிறுத்தாமல் போனேன்" என்று சொல்லப் போகிறேன். அவர் மழைப் பேச்சை எடுத்தால் இந்தத் தடவை ஆமாம் போட மாட்டேன். சாவியைக் கேட்டால் அங்கேயே கொடுத்துவிடுவேன். கேட்காவிட்டால், மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் சீட்டில் உட்கார்ந்திருக்கும்
தம்பி