அமீனா பீயின் கிணற்றில் இருந்த மோட்டார்

19 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

இன்று மேகம் வந்தது. ஒரு வாரமாக நாங்கள் காத்திருந்த மேகம்.

அசோக் நகர் ஷெட்டின் மேல் நாலு சோலார் பேனல். கீழே சிமென்ட் தொட்டி. தொட்டிக்குள் எங்கள் மோட்டார். நல்ல வெயிலில் எந்த மோட்டாரும்தான் தண்ணீர் இறைக்கும். வானம் மூடிக்கொண்டு வந்தபோது நான் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மெலிந்தது. சுண்டுவிரல் கனத்துக்கு இளைத்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை. மேகம் விலகியதும் தானாகவே பருத்து அடித்தது.

மேலேயிருந்து அச்யுத் கத்தினான். "நிக்கலையே! நீரு, நிக்கலையே!" பேனல் துடைக்கிற துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஏணியில் இறங்கி வந்தான். நாற்பது தாண்டிய மனுஷன் செய்கிற காரியமா?

சாதாரண மோட்டார் வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கைச் சூடாக்கியே வீணடித்துவிடும். எங்களுடையதில் சுழலும் பாகத்திலேயே காந்தம் இருக்கிறது. அதனால் அதே தண்ணீருக்குப் பாதிப் பேனல் போதும். பேனல்தானே யானை விலை. இதைத்தான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று கண்ணால் பார்த்தோம்.

காலேஜில் ஒரே வகுப்பு, அப்புறம் கல்யாணம், ஒரே வீடு. குழந்தை இல்லையா என்று யாராவது கேட்டால் "மோட்டார் இருக்கே" என்பான். எனக்குச் சுருக்கென்று இருக்கும். இன்று அதையும் மன்னித்துவிட்டேன்.

7 செப்டம்பர் 1997, ஞாயிறு

திருப்போரூருக்கு அந்தப் பக்கம் அமீனா பீயின் கத்தரித் தோட்டம். புருஷன் போனபின் தனியாளாக ஒன்றரை ஏக்கர் பார்க்கிறாள். கரண்ட் லைனுக்கு எழுதிப் போட்டு அவள் பெண்ணுக்கே கல்யாணமாகிவிட்டது, லைன் வரவில்லை. இதுவரை வாடகை டீசல் என்ஜின்.

நேற்றே வேனில் போய் பேனல்களை நிறுத்தி, மோட்டாரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டோம். ராத்திரி அவள் வீட்டிலேயே படுக்கை. காலையில் வெயில் இன்னும் சாய்வாகப் பனைமரத்துக்குப் பின்னால்தான் இருந்தது. அச்யுத் ஸ்விட்சைப் போட்டான்.

அமீனா பீ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, சத்தமே காணோம். ஓடுதா, தூங்குதா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் குழாய் இருமியது. அப்புறம் தண்ணீர்.

அவள் வாய்க்காலோடு கூடவே நடந்து போனாள், கடைசிப் பாத்தி வரைக்கும். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்கச் சேறு. அச்யுத் வேறு பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். தூசியாம்.

3 நவம்பர் 1997, திங்கள்

மழை. ஷெட்டில் கணுக்கால் தண்ணீர். வைண்டிங் கம்பிச் சுருள்களைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அச்யுத் நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தான். "உக்காரேன்டா" என்றேன். "எங்கே உக்கார்றது?" என்றான். சிரிப்பு வந்தது எனக்கு. அவன் சிரிக்கவில்லை.

16 ஜனவரி 1998, வெள்ளி

பம்பாயிலிருந்து பேனல் தயாரிக்கிற பெரிய கம்பெனி ஒன்று எங்கள் மோட்டாரை வாங்கிக்கொள்ளக் கேட்டிருக்கிறதாம். அச்யுத் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கூச்சம் என்று நினைத்தேன்.

"பெரிய ஃபாக்டரி, நீரு. ஆயிரக்கணக்குல பண்ணலாம்."

ஆயிரம் கிணறு. ஆயிரம் அமீனா பீ. சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில் அழுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

9 பிப்ரவரி 1998, திங்கள்

கையெழுத்தாகிவிட்டது. அவன் மட்டும் போட்டால் போதும். எனக்கு அடையாறில் பாலிடெக்னிக் வேலை, வெளித்தொழில் கூடாது என்பதால் ஆரம்பத்திலிருந்தே எல்லாம் அவன் பேரில். சுழலும் பாகம் முழுக்க நான் வரைந்தது. பேரில் என்ன இருக்கிறது?

பால் பாயசம் வைத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

22 ஏப்ரல் 1998, புதன்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

தி. நகரில் விவசாயக் கருவிகள் கண்காட்சி. காலேஜ் பையன்களை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்தப் பம்பாய் கம்பெனியின் ஸ்டாலும் இருந்தது. எட்டுப் பேனல், பழைய ரக மோட்டார். எங்களுடையது எங்கே என்று தேடினேன். மெட்ராஸ் கிளை மேனேஜர் விஜயராகவன், நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"எங்க மோட்டார் எப்போ சார் வரது?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். "அதைத் தயாரிக்கிற உத்தேசம் இல்லையே மேடம். பாதிப் பேனல்ல வேலை முடிஞ்சுட்டா நாங்க பேனல் விக்கிறது எப்படி? வேற யாரும் பண்ணிடக் கூடாதுன்னுதான் வாங்கினது. சார்கிட்ட முதல் மீட்டிங்லயே சொல்லிட்டோமே. உங்களுக்குத் தெரியாதா?"

மோரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பையன்களைப் பஸ் ஏற்றினேன். இதெல்லாம் யார் செய்தது?

வீட்டில் அவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. அதுதான். கேட்டிருந்தால்கூட —

"தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுண்டா பாயசம் சாப்பிட்டே?"

பேப்பரை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். "எனக்கு அலுத்துப் போச்சு, நீரு. நாலு வருஷமா அந்த ஷெட்டுல தண்ணியில நின்னுண்டு... எல்லாரையும்போல காலம்பற ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் ஆத்துக்கு வரணும். அவ்ளோதான் ஆசைப்பட்டேன். பம்பாய்ல வேலையும் தரா."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருப்பேனா? தெரியலையே. சண்டை போட்டிருப்பேன். நிச்சயம் சண்டை போட்டிருப்பேன். ஆனா அலுத்துப் போச்சுன்னு அவன் ஒரு தடவை உக்காந்து சொல்லியிருந்தா, என் அச்யுத் சொல்லியிருந்தா, நான் என்ன கல்லா? அந்த ஒரு வாய்ப்பைக்கூட எனக்குத் தரலையேடா.

23 ஏப்ரல்

சாம்பாரில் உப்புப் போட மறந்திருக்கிறேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

12 மே 1998, செவ்வாய்

காலையில் போன். அமீனா பீ, திருப்போரூர் பூத்திலிருந்து. "அம்மா, உங்க மோட்டார எடுத்துக்கினு போறாங்கம்மா. நீங்க சொல்லித்தான் எடுக்கறாங்களா?"

பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பம்பாய் கம்பெனி ஆட்கள் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். விற்றதில் இதுவும் அடக்கமாம். கிணற்றுக்குள் புது மோட்டார். மேலே எட்டுப் பேனல், கல்யாணப் பந்தல் மாதிரி, பாதிப் பாத்தியை நிழலாக்கிக்கொண்டு. எங்கள் மோட்டாரை இழுத்து வைத்த இடத்தில் மண் ஈரமாக இருந்தது.

அமீனா பீ எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"சாரும் வந்தாரும்மா. ஜீப்ப விட்டு எறங்கவே இல்ல. கயிறு மேல வரசொல்ல மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினாரு. நான் கிட்ட போயி, நல்லா ஓடிக்கினு இருக்கிறத எதுக்கு சார் எடுக்கறீங்கன்னு கேட்டேன். இது பெருசும்மா, நல்லாருக்கும்னாரு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. ஒடம்பு சரியில்லையாம்மா அவருக்கு?"

"ஆமா" என்றேன்.

அழுதிருக்கிறான். அழுதும் எடுத்திருக்கிறான். எனக்கு எது தாங்கவில்லை, அழுததா, எடுத்ததா? ஒன்றும் உணராத மனுஷனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். இவனை நான் என்ன செய்ய?

31 மே, ஞாயிறு

அப்பா வந்தார். மயிலாப்பூரிலிருந்து இந்த வெயிலில் நடந்தே. "மோட்டாருக்காக ஆம்படையானை விடுவாளாடி ஒருத்தி?"

"மோட்டாருக்காக இல்லேப்பா."

"பின்னே எதுக்கு?"

 அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார், பதில் வரும் என்று. பாவம், அப்பா.

14 ஜூன் 1998, ஞாயிறு

இன்று அவன் பம்பாய்க்குப் போனான்.

ஷெட்டை நேற்றே காலி செய்து சாவியைக் கொடுத்தாயிற்று. வீட்டில் ஒரு சூட்கேஸ், ஒரு படுக்கை. ஆட்டோ வாசலில் நின்றது.

"நீயும் வாயேன். அங்கே காலேஜ் இல்லையா?"

நான் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தேன். கை தானாகப் போய்விட்டது. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீரு, ஏதாவது சொல்லேன். திட்டவாவது திட்டேன்."

"நாளைக்கு எனக்கு இன்னொண்ணு இப்படித் தெரியவரும்னு பயந்துண்டே உன்னோட குடித்தனம் பண்ண முடியாது, அச்யுத்."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். போனான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தானா? நான் கதவைச் சாத்திவிட்டேன். பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

15 ஜூன்

காப்பி இரண்டு பேருக்குக் கலந்துவிட்டேன்.

20 நவம்பர் 1998, வெள்ளி

பாலவாக்கத்தில் சின்ன போர்ஷன். கடல் காற்றில் பூட்டெல்லாம் துருப்பிடிக்கிறது.

அமீனா பீயைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். புது மோட்டார் வெயில் ஏறினால்தான் கிளம்புகிறதாம், மேகம் வந்தால் படுத்துவிடுகிறதாம். மழைக்காலத்துக்கு மறுபடி வாடகை டீசல். தாங்கவில்லை எனக்கு.

ஒப்பந்தப்படி காந்தம் வைத்த மோட்டார் நாங்கள் செய்யக் கூடாது. சரி. காந்தமே இல்லாமல்? வெறும் இரும்பு, செம்பு. இரும்பைப் பல் பல்லாக வெட்டி, எதிரே உள்ள காயிலுக்கு மட்டும் சரியான நொடியில் மின்சாரம் விட்டால் இரும்பு தானாக இழுபட்டுச் சுற்றும். புத்தகத்தில் உள்ளதுதான். கிணற்றில் யாரும் இறக்கிப் பார்க்கவில்லை, எனக்குத் தெரிந்து.

வேலையை விட வேண்டியிருக்கும். விட்டால் என்ன?

5 ஜூலை 1999, திங்கள்

குடும்ப நீதிமன்றம். இருவரும் சம்மதித்துப் பிரிவதாக மனு. அவன் இளைத்திருக்கிறான். முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அழைக்கும்வரை ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

"சாப்ட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

பொய். இரண்டு பேரும் பொய்.

"இப்போ என்ன பண்ணிண்டிருக்கே?" என்று கேட்டான்.

"ராயப்பேட்டைல காயில் கட்டற ஷரீஃப் தன் கடையில ஒரு மூலை குடுத்திருக்கார். காந்தம் இல்லாம ஒண்ணு பண்றேன்."

அவன் முகம் — எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. சட்டென்று என் பக்கம் முழுசாகத் திரும்பினான். "பல்லு எத்தனை வெச்சிருக்கே? சத்தம் போடுமே, நீரு. அதிருமே. பேரிங் தாங்குமா —"

பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், சேர்ந்து வாழ விருப்பமில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம்.

28 அக்டோபர் 1999, வியாழன்

ஷரீஃப் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் தகர டிரம்மில் தண்ணீர். மாடியில் கடன் வாங்கிய நாலு பேனல். காலையிலிருந்து மூன்று தடவை கிளம்பி நின்றுவிட்டது. மதியத்துக்கு மேல் நான் காயில் வரிசையை மாற்றிக் கொடுத்தேன், அவர் பற்றவைத்தார்.

அப்புறம் ஓடியது. ஊரைக் கூட்டுகிற சத்தம். பக்கத்து டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, மாவு மில்லு கணக்கா கத்துது!" என்று ஷரீஃப் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் தண்ணீர் வந்தது. நாலே பேனலில், அக்டோபர் வானத்தில், நிற்காமல் வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயலில் கத்தினால் யாருக்கு என்ன? முதலாவது திருப்போரூருக்குத்தான் போகும்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். போகிற வழியில் எஸ்.டி.டி. பூத் இருந்தது. உள்ளே போனபின்தான் அவன் ஆபீஸ் நம்பர் மனப்பாடமாகத் தெரியும் என்பதே எனக்குத் தெரிந்தது.

இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தான். "ஹலோ?"

என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுப் போகவில்லை.  அவனும் மறுபடி ஹலோ சொல்லவில்லை. பின்னால் யாரோ டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஓடித்தா?" என்று கேட்டான்.

"ஓடித்து."

மறுபடி அந்த டைப் சத்தம். வெளியே காத்திருந்தவர் கண்ணாடியைத் தட்டினார். வைத்துவிட்டேன்.