வாள் படாத பெட்டி

ஜனவரி 9, செவ்வாய்

புவாண்ட்-கிளேரில ஒபிஸ் துடைச்சுப்போட்டு வீட்டை வர மத்தியானமாப் போச்சு. சோத்தைக் கோப்பையில போட, மேல்வீட்டில பிரம்படிச் சத்தம்.

எனக்கு வெறுஞ்சத்தம் எது, அடி எது எண்டு தெரியும். பன்ரெண்டு வருசம் பெட்டிக்குள்ள படுத்தவள். என்ர மனுசன் யோகேந்திரன் கோயில் திருவிழாவுகளில மஜிக் காட்டினவர். நான் முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ள கிடப்பன், அவர் வெளிய நிண்டு வாளைச் செருகுவார். ஒருக்கா வாளோட அவற்ற ஒட்டுமீசையும் உள்ள விழுந்து, சிரிப்பை அடக்கி எனக்கு விலா நொந்தது. அந்த நோவுதான். வாள் ஒருநாளும் பட்டேல்லை. அவர் செத்தும் ஆறு வருசம்.

எங்கயோ போயிட்டன். மேல்வீடு. அருமைராசாவின்ர மனுசி சிவாஜினிக்கு வயித்துப்பிள்ளை கலைஞ்சதிலயிருந்து பேச்சில்லை. பேய் பிடிச்சிருக்காம்.

ஜனவரி 11

மேல போனன். புரோசார்டிலயிருந்து பேயோட்டிற சுவாமி ஒருத்தன் வந்திருந்தான். எலுமிச்சை மணக்கத் தேசிக்காய் வெட்டினான், சிவப்பா ஒழுகிச்சு.

"பார்த்தியோ தம்பி, ஆரோ செய்வினை செய்திருக்கினம்."

அருமைராசா கும்பிட்டான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கத்தியில செவ்வரத்தம்பூவைத் தேய்ச்சுக் காயவிட்டிட்டு வெட்டினா எந்தத் தேசிக்காயும் சிவக்கும். யோகேந்திரனும் காட்டினவர்தான்.

பிறகு சுவாமி பிரம்பை எடுத்தான். என்ர சிரிப்புப் போயிட்டுது. அவளின்ர சொண்டு கிழிஞ்சு இரத்தம். உண்மையான இரத்தம் சிவப்பில்லை, கறுப்பு மாதிரி. நான் குறுக்க போக, வெளிய தள்ளிக் கதவைப் பூட்டினாங்கள்.

யோகேந்திரன் தொடங்க முந்தியே சொல்லுவார், "இது கண்கட்டு, பாத்துச் சிரிச்சிட்டுப் போங்கோ" எண்டு. இவன் அதைச் சொல்லேல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அது அவளின்ர முதுகில கிடக்கு.

ஜனவரி 12

பொலிசைக் கூப்பிட்டன். அருமைராசா பக்கத்திலயே நிண்டானாம். வழுக்கி விழுந்தனான் எண்டு அவள் கையால காட்டினாளாம். பொலிஸ் திரும்பிப் போயிட்டாங்கள்.

ஜனவரி 16. இடக்கையால எழுதிறன்

ஞாயிறு நடந்தது. என்ர யன்னல் செவ்வரத்தையில பூப்பிடுங்கிக் கத்தியில தேய்ச்சுக் காயவிட்டு, ஒரு தேசிக்காயும் எடுத்துக்கொண்டு மேல போனன். அருமைராசாவுக்கு முன்னால வெட்டினன். சிவப்பு.

"பாருங்கோ தம்பி. பூச்சாறு. பேயுமில்லைப் பிசாசுமில்லை. அவளை விடுங்கோ."

விளங்கும் எண்டு நினைச்சன். என்ன மடைச்சி நான்?

"அப்ப உங்கட வேலையோ இது?" எண்டான். பிறகு, "கீழ இருந்து என்ர பிள்ளையைத் திண்டவள் நீயோடி?"

பிரம்பால முகத்தில விழுந்தது. விழுந்த என்னை உதைச்சான். வலது மணிக்கட்டில ஏறி மிதிச்சான், சுள்ளி மாதிரி முறிஞ்சுது. நான் கத்தேல்லை, பெட்டிப் பழக்கம். பிறகு அவளின்ர தலைமயிரைப் பிடிச்சுச் சுவரில மோதினான். ஒருக்கா. ரெண்டுதரம்.

எப்பிடி வாயில வந்துதோ தெரியாது. வெட்டின தேசிக்காயை இடக்கையால அவன்ர காலில பிழிஞ்சு விட்டிட்டு மெதுவாத்தான் சொன்னன்.

"ஓம், நான்தான் செய்தது. இனி அவளில கை வை. வச்ச கை அழுகி விழும்."

காலைப் பார்த்தான். பிரம்பு தானா விழுந்துது. அவளை வெறுங்காலோட கீழ கூட்டிக்கொண்டு வந்தன். படியில ஒருத்தரும் மறிக்கேல்லை.

பெப்ரவரி 4

மூண்டாம் மாடி அக்னெஸ் என்னைக் கண்டா லிப்டில ஏறாள். நேற்று ஒரு பொடிச்சி வந்து, மாமியை முடக்கிவிடச் சொல்லிக் கேட்டாள். பேசிக் கலைச்சன். அருமைராசா வாசலுக்கும் வாறேல்லை.

பெப்ரவரி 11

சிவாஜினிக்குப் பேச்சு வந்திட்டுது. என்ர வீட்டில வந்து முதல் கேட்டது:

"அக்கா, அந்தாளைச் சாகப் பண்ணுவியளோ?"

எல்லாத்தையும் சொன்னன். பூ, கத்தி, பெட்டி, வாள், மீசை விழுந்தது வரைக்கும். கேட்டிட்டு, ஒரு தேசிக்காயையும் கத்தியையும் கொண்டந்து வச்சாள்.

"ஒருக்கா வெட்டுங்கோ."

பூசாத கத்தி. உள்ள வெள்ளையாக் கிடந்துது. அவள் அழேல்லை. கதவுப் பூட்டை மூண்டுதரம் போய்ப் பாத்தாள், பிறகு கட்டிலில ஏறாமல் கதவோட சாய்ஞ்சு இருந்தாள். வந்த நாளிலயிருந்து அவளுக்கு நித்திரையில்லை.

இப்ப ஒரு பூவைப் பிடுங்கிக் கத்தியில தேய்ச்சுக் காயவிட்டிருக்கிறன். விடிய வெட்டிக் காட்டுவன், அந்தச் சிவப்பைக் கண்டாலாவது அவள் நித்திரை கொள்ளட்டும். வெட்டேக்க அவன்ர பேரை நான் சொல்லன்.

அவள் சொல்லுவாள்.