ஜெபத்துக்கு நடுவில்

மச்சானுக்கு,

'கர்த்தருக்குள் பிரியமான' என்று எழுதிப் பார்த்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்கு வரவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சமாதானம் இருக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அந்த ஊர்ச் சபைக்குப் போதகராக மாற்றலாகிப் போனபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. உங்கள் தங்கை உங்களோடு தொலைபேசியில் பேசும்போது நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுவேன், பேச்சு காதில் விழக்கூடாது என்று. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவியதும் உண்டு. இன்று நானே உங்களை அழைத்திருக்கலாம். அழைத்தால் நீங்கள் இடையில் பேசுவீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் தங்கை சுகம். மருத்துவமனையில் அவளுடைய நர்ஸ் வேலையைப் பிரசவ வார்டிலிருந்து முதியோர் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். "அங்க அழுகைச் சத்தம் கேட்டா நிம்மதி. இங்க சத்தம் நின்னாத்தான் பதறுது" என்கிறாள். வீடு வந்ததும் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறாள். தூங்குகிறாளா, என்னோடு பேசாமலிருக்க வழி கண்டுபிடித்திருக்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பழைய கதையைத் தொடாமல் மேலே போகலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த சபைப் பள்ளியில், எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்த அந்தக் கூட்டத்தை நீங்கள்தான் ஜெபித்துத் தொடங்கிவைத்தீர்கள். கை தூக்கும் நேரத்தில் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். பாடம் நடத்தவே தெரியாத ஒருவருக்குக் கீழே என்னால் வேலை பார்க்க முடியாது என்று வெளியே வந்தேன். வரும்போது என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளையைக் கர்த்தருக்குப் பயந்த வழியில் வீட்டிலேயே வளர்க்கப்போகிறேன் என்றேன். அப்போது நீங்கள் எங்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "மாப்பிள்ளை, கோபத்துல எடுத்த முடிவுக்கு வேத வசனம் தேடாதீங்க." தேடினேன், கிடைத்தது. அது வேறு விஷயம்.

அதோடு விட்டீர்களா? அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், "ஒரு மனுஷன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, ஆண்டவரை உள்ள வெச்சுட்டதா நெனச்சானாம்" என்றீர்கள். சபையே எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்தவர் மட்டும் கடிகாரம் பார்ப்பதுபோல நடித்தார். எங்கள் பக்கச் சுவரில் கடிகாரமே இல்லை.

இத்தனைக்கும் வீட்டுப் பள்ளியை நான் விளையாட்டாக நடத்தவில்லை. சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. காலையில் வேதபாடம், பிறகு கணக்கு, அறிவியல். நோவாவின் பேழை எவ்வளவு நீளம் என்று பார்க்க, கயிற்றை முழம்போட்டு நானும் அவளும் தெருவில் இறங்கினோம். பேழையின் முனை எங்கள் கேட்டில் இருந்தால், பின்பக்கம் சலவைக் கடையையும் தாண்டிப் போகிறது. சலவைக்காரர் வெளியே வந்து, "என்ன சார், ரோடு போடப் போறாங்களா?" என்றார். "இல்ல அங்கிள், கப்பல் வருது. கடையக் கொஞ்சம் ஒதுக்கிப் போடுங்க" என்றாள். எந்தப் பள்ளியில் இப்படி ஒரு கணக்கு வகுப்பு நடக்கும், சொல்லுங்கள்.

அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவர் நீங்கள். வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று. அவளைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்ப ஜெபம் உங்களுக்குத் தெரியும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் வரிசையாகச் சத்தமாக ஜெபிப்போம், சின்னவள் முதலில். அதில் நான் வைத்த விதி ஒன்றுண்டு. ஒருவர் ஜெபித்து முடிப்பதற்குள் மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. காதில் விழுந்ததைப் பிறகு கேட்கவும் கூடாது. அது ஆண்டவருக்குப் போகிற தபால், நமக்கு வந்ததில்லை என்று சொல்லிவைத்திருந்தேன். அவள் நம்மைப்போல 'தாரும், காரும்' என்று ஜெபிக்கமாட்டாள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசுவாள். "ஆண்டவரே, அம்மாவோட பூப்போட்ட கப்ப நான்தான் ஒடச்சேன்" என்பாள். மறுநாள் உங்கள் தங்கை கப்பைத் தேடமாட்டாள். "கணக்குப் பாடத்துல அப்பா கத்தாம இருக்க கிருபை குடுங்க" என்பாள். மறுநாள் நான் மெதுவாகப் பேசுவேன், ஒன்றும் கேட்காதவன்போல. மச்சான், இந்த வீடு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் சொல்லமுடியாததெல்லாம் மேலே போய்த்தான் எங்களுக்கு வந்தது.

சென்ற மாதம் சாப்பாட்டு அறை மின்விசிறி நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார், கல்யாணமாகாத இளைஞர். "என்ன பாப்பா, இன்னைக்கு லீவா?" என்றார். "இல்லண்ணே, கிளாஸ் நடக்குது. நீங்க ஏணி போட்டிருக்கறது ஏழாங்கிளாஸ்ல" என்றாள். "அப்போ ஹெட்மாஸ்டர் எங்க?" "அதோ, கீழ உங்க ஏணியப் புடிச்சிட்டு நிக்கிறாரே." அவர் சிரித்த சிரிப்பில் ஸ்க்ரூடிரைவர் என் தோளில் விழுந்தது. நானும் சிரித்தேன். அந்தப் பதவி எனக்குக் கடைசியில் இப்படி வாய்த்தது.

அதன்பின் அவள் விடவில்லை. ஷாக் அடித்தால் வலிக்குமா கூசுமா, உங்கள் வீட்டு விசிறியை யார் சரிசெய்வார்கள், உங்களுக்குத் தங்கை உண்டா, அவள் என்ன படிக்கிறாள் என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். விசிறி சுற்றியது. அவர் பையை எடுத்தார். "அண்ணே, அந்த ரூம் ஃபேனும் ஒரு மாதிரி சத்தம் போடுது" என்றாள். அந்த விசிறியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் ஏறிப் பார்த்து, தலையைச் சொறிந்து, இறங்கிப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று ஜெபத்தில் சொன்னாள்: "ஆண்டவரே, இன்னைக்கு வந்த அண்ணனுக்கு ஷாக் அடிக்காமப் பாத்துக்கங்க. ஃபேன் சத்தம் போடுதுன்னு பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க. அவரு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னுதான் சொன்னேன். எனக்கு ஒரு பிரெண்டு குடுங்க. நெறைய வேணாம், ஒண்ணு போதும். என் வயசுல."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். "ஏன், நான் ஒருத்தன் இங்க இல்லையா?" என்றேன். சத்தமாகவே கேட்டேன்.

அவளும் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். ஆமென் சொல்லாமல் எழுந்து, தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உங்கள் தங்கை அடங்கிய குரலில், "அவ உங்ககிட்டப் பேசலைங்க. அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் விட்டுவைக்கலையே" என்றாள். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

மறுநாளிலிருந்து ரேடியோ, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை மனப்பாடமாக, ஓட்டப் பந்தயம்போலச் சொல்லி முடித்து ஆமென் போட்டுவிடுகிறாள். ஒரு வார்த்தை கூடக் கூடுதலாக இல்லை. குற்றம் சொல்லவும் முடியாது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள், பாடம் படிக்கிறாள், "சரிப்பா" என்கிறாள். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன பயம், என்ன ஆசை, என்மேல் என்ன வருத்தம் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பகல் முழுக்க இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். சுவரில் சாய்ந்து நிற்கிற மடக்கு நாற்காலியிடம்கூட என்னிடம் பேசுவதைவிட அதிகம் பேசுவாள் போலிருக்கிறது.

மேலே உள்ளது நேற்று எழுதியது. தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். இன்று காலை அல்ஜீப்ரா நடக்கும்போது, தலை நிமிராமல் அவளிடம் கேட்டேன்: மாமா வீட்டில் தங்கி, அங்கே பள்ளிக்கூடம் போகிறாயா என்று. அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். குதிப்பாள் என்று நினைத்தேன். "நீங்க தனியா என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள்.

எனக்கென்ன, எவ்வளவோ வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தாள். விடை சரி. இத்தனை நாள் நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன், மச்சான். அவளுக்கு வேறுவிதமாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே விஷயம் இதுதான். பள்ளி திறக்கும்போது அவளை உங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தங்கைக்குச் சம்மதம். நான் சொன்னதும் என் கையைப் பிடித்தாள், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. நீங்களும் கேட்கவேண்டாம். கேட்டால் நான் மறுபடி பழசையெல்லாம் எடுப்பேன். இந்தக் கடிதம் எந்தக் காலத்திலும் உங்கள் பிரசங்கத்தில் உவமையாக வரக்கூடாது, ஊர் பேர் சொல்லாமல்கூட. கணக்கில் அவள் வகுப்பைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறாள். உங்கள் ஊர் ஆசிரியர் யாராவது சங்கடப்பட்டால், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டுரை சுமார். வரிசையில் நின்று பழக்கமில்லை, ஆரம்பத்தில் முன்னால் போய் நிற்பாள். அதட்டவேண்டாம். கூட்டத்தில் முதல் சில நாள் வாயே திறக்கமாட்டாள் என்று தோன்றுகிறது. யாராவது ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் குடும்ப ஜெபம் உண்டே. அங்கே அவள் ஒருவேளை பழையபடி பேசுவாள். பேசினால் நடுவில் யாரும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதவும் வேண்டாம், அது எனக்கு வந்த தபால் இல்லை. அதில் எப்போதாவது 'எங்க அப்பா' என்று வந்தால், வந்தது என்று மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். அன்று நான் குழாயைத் திறக்கமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் வீட்டையும், அதற்குள் வரப்போகிறவளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை